விளங்கிட்டு, டொக்டர்

எங்கள் கரையோரத்துக்கு ஆமைகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பறவைகளைப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள், களப்பில் என்ன மீன் குறைந்துபோயிற்று என்று ஆராயவும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் ஊர் நிறைய உலாவுகிற ஓர் உயிரினத்தை அவர்களில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அழிந்துபோகும் ஆபத்து அதற்குக் கொஞ்சமும் இல்லாதது காரணமாக இருக்கலாம். அதன் பெயர் தலையாட்டி.

தலையாட்டியைக் காண நீங்கள் காடு மேடு அலைய வேண்டியதில்லை. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரியில் ஆட்கள் காத்திருக்கிற வாங்கைப் பாருங்கள். விடிந்ததும் விடியாததுமாக வந்து இடம்பிடித்து, கால் எரிகிறது, கண் மங்குகிறது, படுத்தால் நெஞ்சுக்குள் புறா குறுகுறுக்கிறது என்று பக்கத்து ஆளுக்கு உடம்பின் ஒரு மூலை விடாமல் ஒப்புவித்து, உள்ளே போனதும் டொக்டரிடம் இதைக் கேட்பேன் அதைக் கேட்பேன் என்று சபதமெடுத்துக்கொண்டு இருக்கும். பெயர் கூப்பிடுவார்கள். உள்ளே போகும். வெள்ளைச் சட்டையைக் கண்டதும் அத்தனை சபதமும் ஆவியாகிவிடும். மிஞ்சுவது ஒரே வசனம்.

"விளங்கிட்டு, டொக்டர்."

என்ன விளங்கியது? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கல்முனை பஸாரில் நடைபாதைப் பேமன்டில் உடுத்துகிற சாரன் விற்கிற மீராசாஹிபுவை இந்த இனத்தில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் பஸாரில் அவரைப்போலக் கேள்வி கேட்கிற ஆள் கிடையாது. மீன் வாங்கப் போனால் செவுளைக் கிளறிப் பார்த்து, எந்தத் தோணி, எப்போது கரை தட்டியது, ஐஸில் கிடந்ததா மணலில் கிடந்ததா என்று விசாரித்து, மீன்காரனின் மூன்று தலைமுறையைத் தொட்ட பிறகுதான் பையை நீட்டுவார். அரிசி வாங்கினால் நற்பிட்டிமுனை வயலா, எந்தப் போகம், எந்த மில். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் கேட்ட கேள்விகளைத் தாங்க முடியாமல் இரண்டு தரகர்மார் தொழிலையே விட்டார்கள் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர், டொக்டர் தந்து தன் உடம்புக்குள் போகிற குளிசையைப் பற்றி நான் சொல்லப்போகிற நாள் வரைக்கும் ஒரு கேள்வி கேட்டவரில்லை. மீனுக்கு இருந்த மரியாதை அவருடைய ஈரலுக்கு இருக்கவில்லை.

மீராசாஹிபுவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. குடியிருப்பது ஊரின் கடைசியில் உள்ள மாடி வீட்டுத்திட்டத்தில். அங்கே ஒரு வீட்டில் தாளிப்பது எல்லா வீட்டுக்கும் மணக்கும், ஒரு வீட்டு வருத்தம் எல்லா வீட்டுக்கும் தெரியும். மருந்து மட்டும் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியாது.

நோன்புக்குச் சில நாட்களுக்கு முன்னால் அவர் கிளினிக்குக் கொண்டுபோனது ஒரேயொரு கேள்வி: நோன்பு காலத்தில் குளிசையை எப்போது போடுவது? நல்ல கேள்வி. அது கேட்கப்படாமலே பதிலும் கிடைத்தது. டொக்டர் மடமடவென்று சொன்னார்:

"நோன்புக்கு மருந்த மாத்தியிருக்கன். காலம போட்டத பொழுதுபட நோன்பு துறந்திட்டுப் போடுங்க. பின்னேரம் போட்டதில பாதி மட்டும் ஸஹருக்கு, விடிய முன்னம் சாப்பிடக்குள்ள. வேர்த்து நடுங்கினா நோன்ப விட்டுட்டு இனிப்பா ஏதும் குடிங்க. விளங்கிட்டா?"

டொக்டரைக் குறை சொல்லவும் முடியாது. கதவுக்கு வெளியே ஊர் வரிசையில் நின்றது. தனியாகக் காசு கட்டிச் சனல் பண்ணிப் போனால் இதே மாதிரி ஒரு டொக்டர் கதிரையைக் காட்டி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்றுகூட விசாரிப்பார். இங்கே ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் இடையில் ஒரு மனிதரின் முழு உடம்பையும் பார்த்து முடித்தாக வேண்டும்.

மீராசாஹிபு 'நோன்பு' என்ற சொல்லிலேயே தலையாட்டத் தொடங்கிவிட்டார். 'பாதி' என்ற சொல் காதில் விழுந்தபோது, எதில் பாதி என்ற கேள்வி வயிற்றில் முளைத்து, நெஞ்சைக் கடந்து, தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சற்று முன்னால் உள்ளே போன ஒரு மனிதர் இதேபோல் ஏதோ கேட்டு, "சொல்றது காதுல விழல்லயா?" என்று வாங்கிக்கொண்டு, முகம் தொங்கி வெளியே வந்ததை அவர் பார்த்திருந்தார். அதற்குள் தாதி மிஸ் அடுத்த பெயரையும் கூப்பிட்டுவிட்டார். கேள்வி வந்த வழியே இறங்கிப் போயிற்று.

"விளங்கிட்டு, டொக்டர். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தத் தரட்டும்."

வீட்டில் மனைவி சல்மா உம்மா காத்திருந்தார்.

"என்ன சொன்னாரு டொக்டர்?"

"எல்லாம் சொன்னாரு."

"எல்லாம் எண்டா?"

"சொல்ல வேண்டியதெல்லாம் வடிவாச் சொன்னாரு. தங்கமான மனிசன்."

"மருந்த எப்ப போடட்டாம்?"

"நோன்புக்கு மாத்தியிரிக்காம்."

"எப்பிடி மாத்தியிரிக்காம்?"

"நோன்புக்கு ஏத்த மாதிரி."

சல்மா உம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க டொக்டரப் பாக்கப் போனீங்களா, மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனீங்களா? போய் இருந்து தலைய ஆட்டிட்டு வந்திருக்கீங்க. நாளைக்குப் போய்த் திரும்பக் கேளுங்க."

"திரும்பப் போய் என்னெண்டு கேக்கிற? விளங்கிட்டு எண்டு சொல்லிட்டனே."

பாருங்கள், தலையாட்டி வாக்குத் தவறாதவர். உயிர் போனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்.

இனி வேறு வழி? கீழ்வீட்டுக் கைருன்னிஸா அழைக்கப்பட்டார். அவருக்கும் சீனி வருத்தம். அதைவிட, காலமான கணவர் லொறி ஓட்டியவர் என்பதால் உலகத்தின் எந்தச் சிக்கலையும் லொறியை வைத்து விளக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. குளிசைப் பக்கற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குலுக்கினார். அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இதுல யோசிக்க என்ன இரிக்கி காக்கா? பகல் முழுக்க ஒண்டும் வாயில போடேலா. தூரப் பயணம் போறவன் எங்க பெற்றோல் அடிக்கிற? புறப்படக்குள்ள. ஸஹருக்கு எல்லாத்தையும் போட்டுட்டா பொழுதுபட்டு மஃரிப் வரைக்கும் ஓடும்."

எவ்வளவு தெளிவு. டொக்டர் சொன்னதுபோல விளங்காத ஒன்று இதில் இருந்ததா? மீராசாஹிபுவுக்கு உண்மையாகவே விளங்கியது. வாழ்க்கையில் முதன்முறையாக மருந்தைப் பற்றி ஏதோ விளங்கிய சந்தோசத்தில், நோன்பு தொடங்கிய நாளிலிருந்து எல்லாக் குளிசையையும் ஸஹருக்கே போட்டார். சல்மா உம்மா முணுமுணுத்தார். ஆனாலும் சோற்றை அள்ளி அள்ளி வைத்தார். அந்தச் சோறு அவரைச் சில நாட்கள் காப்பாற்றியது.

பிறகு ஒருநாள் வீட்டில் எல்லோரும் ஸஹருக்குப் பிந்தி எழும்பினார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல நேரம் கிட்டிவிட்டது. மீராசாஹிபு ஒரு வாழைப்பழத்தைப் பாதி விழுங்கி, தண்ணீரைக் குடித்தார். குளிசைகளில் ஒன்றையும் தவறவிடவில்லை. மருந்து விசயத்தில் அவர் அவ்வளவு ஒழுங்கு.

அன்று பஸாரில் பெருநாளுக்கு முன்கூட்டியே துணி எடுக்க வந்த சனம். தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர்கிற கூட்டம், ஆட்டோக்களின் ஹோர்ன், சாரன் குவியலுக்குப் பின்னால் மீராசாஹிபு. சாதாரண நாளில் அவரிடம் விலை குறைப்பது, கடலிடம் உப்பைக் குறைக்கச் சொல்வதுபோல. "இன்னும் குறைச்சா நான் உடுத்திரிக்கிற சாரனையும் அவுத்துத் தந்துட்டுத்தான் ஊட்ட போகணும்" என்பது அவருடைய நிரந்தரப் பதில்.

மதியத்து லுஹர் தொழுகை கழிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து நீலச் சாரன் ஒன்றைப் பிடித்தார். நடுத்தர வயது, கையில் குடை, பேரம் பேசப் பிறந்த குரல்.

"குறைச்சுத் தரேலாதா காக்கா?"

"நீங்களே சொல்லுங்க புள்ள."

அந்தப் பெண் திடுக்கிட்டார். இருந்தாலும் சுதாரித்துக்கொண்டு, தனக்கே கூச்சமாக இருக்கும்படி ஒரு விலையைச் சொன்னார்.

"விளங்கிட்டு. எடுங்க."

பக்கத்தில் நின்றவர் காதில் இது விழுந்தது. ரெண்டு எடுத்தால் எப்படி என்று கேட்டார். ரெண்டுக்கும் ஒன்றின் விலைதான் என்றார் மீராசாஹிபு, கண்களில் ஒரு தெய்வீகப் புன்னகையோடு. அடுத்தவரிடம் காசே கேட்கவில்லை. அதற்கடுத்தவர் சாரன் கேட்கவில்லை, வழிதான் கேட்டார். அவருக்கும் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்தார். செய்தி மீன் சந்தை வரைக்கும் போயிற்று. நன்மை பெருகுகிற மாதத்தில் அல்லாஹ் மீராசாஹிபு காக்காவின் கல்லு மனதையும் இளக்கிவிட்டான் என்று சிலர் கண்கலங்கினார்கள். கண்கலங்கிக்கொண்டே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் செருப்பு விற்கிற அமிர்தலிங்கத்துக்கு மட்டும் இது சரியாகப் படவில்லை. காரைதீவிலிருந்து வந்து பல வருடங்களாக அதே பேமன்டில் கடை போடுகிறவர். இந்த மனிதர் ஒரு பொத்தானைக்கூட இனாமாக விட்டதை அவர் கண்டதில்லை. கிட்டப் போனார். மீராசாஹிபுவின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. சாரனை மடிக்கிற கை, காற்றில் ஆடும் கொடிபோல நடுங்கியது.

"காக்கா, என்ன, சுகமில்லையா?"

மீராசாஹிபு அவரை மிகுந்த மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"விளங்கிட்டு, டொக்டர்."

அமிர்தலிங்கம் டொக்டர் இல்லை. செருப்பு விற்பவர். ஆனால் அவருடைய அம்மா பாலம்மாவுக்கும் இதே வருத்தம், வேர்த்து நடுங்கி, பெற்ற மகனையே "தம்பி, நீங்க ஆரு?" என்று அவர் கேட்ட நாளை மறக்க முடியுமா? சீனி இறங்கிவிட்டது என்று அமிர்தலிங்கத்துக்கு உடனே புரிந்தது. செருப்புப் பெட்டிகளுக்கு அடியில், நோன்பாளிகள் கண்ணில் படாமல் அவர் ஒளித்து வைக்கிற பிளாஸ்க்கில் இனிப்புத் தேத்தண்ணி இருந்தது. எடுத்து மூடியில் ஊற்றினார். ஊற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய நிலையை யோசித்துப் பாருங்கள். நடுப்பகல். நோன்பு மாதம். கல்முனை பஸார். சுற்றிவர நோன்பாளிகள். நடுவே அமிர்தலிங்கம் என்று பெயர் கொண்ட ஒருவர், மீராசாஹிபு என்று பெயர் கொண்ட ஒருவரின் வாயில் தேத்தண்ணி ஊற்றப் போகிறார். யாருக்கு என்னவென்று விளங்கப்படுத்துவது? விளங்கப்படுத்தி முடிக்கிற வரைக்கும் இவர் இருப்பாரா?

"காக்கா, நோன்ப விட்டுட்டு இதக் குடிங்க."

"விளங்கிட்டு" என்றார் மீராசாஹிபு. தலையாட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

கூட்டம் நெருங்கி வந்தது. யாரோ ஒருவர் "என்ன நடக்குது இஞ்ச?" என்று குரலை உயர்த்தினார். அப்போது நீலச் சாரன் வாங்கிய அந்தப் பெண், குடையால் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஊத்துங்க தம்பி. நோன்பப் பொறகு புடிச்சுக் கழாச் செய்யலாம். ஆள எப்பிடிக் கழாச் செய்யிற?" பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்துக்கிட்டு நிக்காம ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்க. எடுத்த சாரனெல்லாத்தையும் வெச்சிட்டுப் போங்க. மனிசன் புத்தியோட குடுக்கல்ல."

அமிர்தலிங்கம் ஒரு கையால் நாடியை நிமிர்த்திப் பிடித்து, மிடறு மிடறாகப் பருக்கினார். முதல் மிடறு சட்டையில் போயிற்று. அடுத்தது உள்ளே போயிற்று. மூடி காலியானது, மறுபடி நிரம்பிக் காலியானது. கொஞ்ச நேரத்தில் மீராசாஹிபுவின் கண்களில் ஆள் வந்தது. குவியல் இருந்த இடத்தை வெறித்துப் பார்த்தார்.

"அமிர்தம், அந்த நீலச் சாரன் என்ன விலைக்குப் போன?"

அமிர்தலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதர் பிழைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு சல்மா உம்மா வந்து சேர்ந்தபோது ஒரு காலில் அவருடைய செருப்பும் மற்றக் காலில் மகளுடைய செருப்பும் இருந்தன. சேலைன் ஏறுகிற கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தார். வாக்கு யுத்தத்தில் சளைக்காத அந்த மனுசி இப்படிப் பேசாமல் இருந்ததுதான் மீராசாஹிபுவைப் பயமுறுத்தியது. பெயர் தெரியாத டொக்டர்மார் எத்தனையோ பேருக்கு முன்னால் ஆட்டிய தலையை, அன்று அவரால் தன் மனைவிக்கு முன்னால் நிமிர்த்த முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் வார்ட் டொக்டர் துசாந்தினி வந்தார். இளம் பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர் உட்கார்ந்ததைக் கண்டதுமே மீராசாஹிபுவுக்கு ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது.

துசாந்தினி மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். இந்தக் கிழமை ஏழு நாளும் நோன்பு வேண்டாம், அடுத்த கிழமை சீனியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. பிடிக்கலாம் என்றானால், முன்பு காலையில் போட்ட இரண்டு குளிசையும் நோன்பு துறந்ததும். முன்பு பின்னேரம் போட்ட இரண்டில் ஒன்று மட்டும் ஸஹருக்கு, அதுவும் சாப்பிட்டால்தான்.

"விளங்கிட்டு, டொக்டர்."

"சந்தோசம். நான் சொன்னத நீங்க எனக்கு ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்."

இந்த இனத்துக்கு இதைவிடக் கொடூரமான கேள்வி இல்லை. மீராசாஹிபு கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, டொக்டர்."

"எது சரி?"

"எல்லாமே."

"எல்லாத்திலயும் முதலாவதச் சொல்லுங்க."

"முதலாவது..." நெற்றி வேர்த்தது. இம்முறை சீனியால் அல்ல. "உங்களப்போல பொறுமையா விளங்கப்படுத்துற டொக்டர் இந்த ஜில்லாவில இல்ல."

துசாந்தினி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். வார்ட்டில் யாரும் அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை. சல்மா உம்மா அவருடைய கையை விடவில்லை. தப்பிக்க ஒரு வழியும் இல்லாமல் போனபோது, மீராசாஹிபுவின் வாயிலிருந்து, எத்தனையோ கிளினிக் நாட்களாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த சொல் வெளியே வந்தது.

"விளங்கல்ல, டொக்டர்."

வானம் இடிந்து விழவில்லை. மிஸ் ஏசவில்லை. துசாந்தினி "அப்ப திரும்பச் சொல்றன்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அணைக்கட்டு ஒருமுறை திறந்தால் பிறகு மூடுவது யார்? செவுள் கிளறுகிற பழைய மீராசாஹிபு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் குளிசை உள்ளே போய் என்ன செய்யும்? ஏன் வேர்த்தது? ஒரு கிழமை நோன்பு வேண்டாம் என்றால் அரைக் கிழமையாகக் குறைக்க ஏலாதா? வெள்ளிக்கிழமை மட்டுமாவது நோன்பு பிடிக்க விட்டுத்தாங்களேன். நிரந்தர வாடிக்கையாளர் என்று பார்த்தாவது? டொக்டர் விலையை இறக்கவே இல்லை. மீராசாஹிபுவுக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது.

இப்போது சல்மா உம்மாவும் டொக்டரைப் பார்த்து வாயைத் திறந்தார். "மகள், எனக்கும் ஒரு சந்தேகம். இவரு பள்ளியில பேரீச்சம்பழமும் தண்ணியும் எடுப்பாரு. பொறகு கஞ்சி. மஃரிப் தொழுதிட்டு ஊட்ட வந்தா றோல்ஸ், சமோசா. சோறு ராவைக்குத் தறாவீஹ் தொழுதிட்டு வந்துதான். நீங்க நோன்பு துறந்திட்டுப் போடுங்க எண்டு சொல்றது இதுல எதோட?"

துசாந்தினியைப் பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தபடி, "ஓம் ஓம், விளங்குது அம்மா" என்று தலையாட்டினார்.

"என்ன விளங்கின மகள்? எனக்கு ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்."

டொக்டரின் பேனை அந்தரத்தில் நின்றது. மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, மீராசாஹிபுவைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சல்மா உம்மாவும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும், என்னவென்று விளங்காமலே, சிரித்தார். திரும்ப ஒருமுறை கஞ்சியிலிருந்து சோறு வரைக்கும் கேட்டு, கஞ்சியோடு என்று முடிவாயிற்று. மீராசாஹிபு அதை முதலிலிருந்து கடைசிவரை பிழையில்லாமல் ஒப்புவித்தார்; கேட்காமலே இன்னொரு தரமும் ஒப்புவித்தார்.

அதன் பிறகு அவர் சுகமாக இருக்கிறார். மீதி நோன்புகளை டொக்டர் விட்ட அளவுக்குப் பிடித்தார், விடுபட்டதைக் கழாச் செய்தார். ஆனால் வீட்டுத்திட்டம் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. யார் கிளினிக்குப் போய் வந்தாலும் படிக்கட்டில் மறித்து, "டொக்டர் என்ன சொன்னாரு, ஒருக்காச் சொல்லுங்க" என்கிறார். சொல்லத் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பி, கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறார். கைருன்னிஸா பின்படியால் ஏறி இறங்குகிறார். பஸாரில் சில பெண்கள் கடையோரம் வந்து, மிகுந்த அக்கறையோடு, "காக்கா, இண்டைக்குச் சீனி எப்பிடி, இறங்கியா இரிக்கி?" என்று விசாரித்துவிட்டு, இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு போகிறார்கள்.

நீங்கள் அப்படியில்லை என்பது தெரியும். படித்தவர், பத்திரிகை வாசிப்பவர், இவ்வளவு நேரமும் மீராசாஹிபுவை நினைத்துச் சிரித்தவர். சரி, உங்கள் வீட்டு அலுமாரி லாச்சியில் கிடக்கிற அந்த மாத்திரை எதற்கு? பாதியில் ஏன் விட்டீர்கள்? கடைசியாக டொக்டர் உங்களிடம் சொன்னது என்ன? டொக்டரை விடுங்கள். போன கிழமை பேங்க்காரர் சொன்னதும், நேற்று உங்கள் மனைவி சொன்னதும்? இது எல்லோரும் யோசிக்க வேண்டிய விசயம், இல்லையா?

பார்த்தீர்களா. தலையாட்டுகிறீர்கள்.